கைராசிக்காரி

“கயிறு கட்டி இழுத்துட்டுப் போயிடலாமா?” என்று கேட்டார் மைதானத்துப் பொறுப்பாளர்.

“எங்கப்பா வண்டியையா? கயிறு கட்டியா?” மகள் ஹெல்மெட்டைக் கழற்றி பானெட் மேல் வைத்தாள். “அதுவும் அவர் நினைவா நடக்கிற ரேஸ்ல? அவரே எழுந்து வந்துடுவாரு சார்!”

“வரட்டும்மா. வந்து இதைக் கிளப்பிக் கொடுத்துட்டுப் போகட்டும். இன்னும் கொஞ்ச நேரம்தான், அதுக்கு மேல கூட்டம் தாங்காது.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மண் பாதையைச் சுற்றி அத்தனை பேர் காத்திருந்தார்கள். ‘புழுதி மெக்கானிக்’ கட்டிய வண்டி, அவர் மகள் ஓட்ட, முதலில் தனியாக ஒரு சுற்று வர வேண்டும். பிறகுதான் மற்ற வண்டிகளுக்குக் கொடி. ஆனால் அவருடைய கடைசி ரேஸுக்குப் பிறகு மைதானத்துக் கொட்டகையிலேயே கிடந்த அந்த வண்டி, புது பேட்டரி, புது பெட்ரோல் எல்லாம் வாங்கிக்கொண்டும் வாயைத் திறக்கவில்லை. சாவியைத் திருப்பினால் ஒரு முனகல்கூட இல்லை.

“அண்ணன் இருந்தா இந்நேரம் அடியில படுத்திருப்பாரு” என்றார் வெல்டர். அப்பாவோடு சேர்ந்து வண்டியைக் கட்டியவர். “பாதை மண்ணை ஒரு பிடி அள்ளிப் பிசைஞ்சு பார்த்துத்தானே டயர்ல காத்தைக் கூட்டுவாரு, குறைப்பாரு. சாப்பிடற தட்டுல மண்ணு விழுந்தாக்கூட, ‘இது மூணாவது வளைவு மண்ணு’ம்பாரு!”

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகை வருகிற நேரமாகப் பார்த்துச் சிரிக்க வைப்பதுதான் அப்பாவின் வழக்கமும்.

“ஒண்ணே ஒண்ணுதான் பாப்பா எனக்கு மனத்தாங்கல். அவரோட பெரிய ஸ்பேனர் காணாமப் போச்சுல்ல? ‘எங்கடா ஒளிச்சு வெச்சிருக்கே’ன்னு கடைசி வரைக்கும் என்னைத்தான் கேட்டாரு. என் கல்யாணத்துல மேடையேறி வந்து கேட்டாரு!”

“சித்தப்பா, இப்போ வண்டிக்கு வழி சொல்லுங்க.”

“அண்ணியைக் கூப்பிடு.”

“நீங்களுமா? கை வெச்சா இன்ஜின் கிளம்புமா?”

“கிளம்பியிருக்கே! எனக்குத் தெரிஞ்சு ஒரே ஒரு தடவைதான் மக்கர் பண்ணிச்சு. அன்னிக்கு அண்ணி வேண்டாவெறுப்பா தொட்டாங்கன்னு அண்ணன் சமாளிச்சாரு.”

மகளுக்கும் அது தெரிந்த கதைதான். ஒவ்வொரு ரேஸுக்கு முன்னாலும் அம்மா வந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைக்க வேண்டும். அப்பா ஜன்னல் வழியாகச் சாவியைத் திருப்புவார். வண்டி உறுமியதும், “பார்த்தீங்களா, என் பொண்டாட்டி கைராசியை!” என்று மைதானமே கேட்கக் கத்துவார். தலைவலி, விருந்தாளி, மழை என்று எந்தச் சாக்கும் அவரிடம் செல்லாது. அம்மாவும் திட்டிக்கொண்டேதான் வருவாள்.

இன்றும் கேலரியிலிருந்து திட்டிக்கொண்டேதான் இறங்கி வந்தாள். ஒரு கையில் மூக்கைப் பொத்திய கைக்குட்டை. அந்தப் பழைய பச்சைப் பை ஒரு பக்கத் தோளைக் கீழே இழுத்தது.

“இருந்தும் படுத்தினாரு, போயும் படுத்தறாரு. இந்தப் புழுதியைத் துவைச்சே என் ஆயுசு போச்சு. தள்ளுங்க தம்பி!”

உள்ளே உட்கார்ந்தாள். பையைக் கதவோரத்துக் கொக்கியில் மாட்டினாள். அவள் பையில் மண் ஒட்டக் கூடாதென்று அப்பாவே வைத்துக் கொடுத்த கொக்கி அது. பிறகு இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நம்பிக்கையே இல்லாமல் மகள் சாவியைத் திருப்பினாள்.

வண்டி உறுமியது! கேலரி முழுக்க எழுந்து நின்று விசிலடித்தது. வெல்டர் பொறுப்பாளரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்.

“அவ்வளவுதானே? ஆளை விடுங்க” என்று அம்மா பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கனம் விட்டதும் கொக்கி ‘டக்’கென்று மேலே எகிறியது.

மகள் அதைப் பார்த்துவிட்டாள். ஒரு விரலால் கொக்கியை இழுத்தாள், அசையவில்லை. பலம் கொண்ட மட்டும் இழுத்த பிறகுதான் இறங்கியது. பின்னால் கையை விட்டுத் துழாவினாள். ஒரு ஸ்பிரிங். அங்கிருந்து ஒரு ஒயர் நேராகச் சாவித் துளைக்கு ஓடியது.

“அம்மா! கையுமில்ல, ராசியுமில்ல! இந்தக் கொக்கிதான் ஸ்விட்ச்! உன் பையை மாட்டினாத்தான் வண்டி கிளம்பற மாதிரி செஞ்சு வெச்சிருக்காரு. நீ ரேஸுக்கு வரணும்னே இத்தனை வருஷமா உன்னை ஏமாத்தியிருக்காரும்மா!”

வெல்டர் வாயைப் பிளந்தார். அம்மா மட்டும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு பையின் ஜிப்பை இழுத்தாள்.

“கத்தாதடி. உங்கப்பா ஸ்பிரிங்கை அளவு தெரியாம கெட்டியா வெச்சுட்டாரு. ஒரு தடவை என் பை லேசா இருந்து, வண்டி கிளம்பாம, மனுஷன் மூஞ்சி தொங்கிப்போச்சு. எனக்குப் பார்க்கச் சகிக்கல. அன்னிலேருந்து இதைப் போட்டுத்தான் தூக்கிட்டு வர்றேன்” என்றபடி, உள்ளேயிருந்து அந்தப் பெரிய ஸ்பேனரை எடுத்து வெல்டரின் கையில் வைத்தாள்.