மெக்சிக்கோக் குளியல்

“எங்க நிக்கிறாய் கலா?” ஒரு வருடத்துக்குப் பின் போனில் அண்ணனின் குரல்.

“மெக்சிக்கோவில. காலமை கைட் மாயன் கோபுரங்களைக் காட்டினவர். இப்பதான் அங்க ஒரு கேணியில நீந்திக் குளிச்சிட்டு ஏறினனாங்கள்,” என்றாள் கலாவதி மிடுக்காக.

“ஐயோ! நாளைக்குப் பிள்ளைக்குக் கலியாணம். பிழை என்னிலதான். நேரில சொல்லுவம் எண்டு லண்டனில உன்ர குட்மேய்ஸ் வீட்டு வாசலில நிக்கிறன். சரி, சந்தோசமா இரு.”

கலியாண அழைப்பு வராத அவமானத்தை மறைக்க, மெக்சிக்கோப் பயணம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, மூன்று நாளாகத் திரைச்சீலைகளை மூடி அந்த வீட்டுக்குள்ளேயே கிடந்த கலாவதி, அடுப்படியிலிருந்து சத்தமில்லாமல் முன்கதவடிக்கு வந்தாள்.

கதவில் கடிதம் போடும் துவாரத்தால், மஞ்சள் தடவிய அழைப்பிதழ் அவள் காலடியில் விழுந்தது.

கதவுக் கண்ணாடியில் நிழல் தெரியுமே என்று, குனிந்து எடுக்கவும் பயந்து நின்றாள்.