ஸ்கேல் அக்கா

இதை நான் நேரில் பார்க்கவில்லை. அந்த ஆபீசில் வேலை பார்த்த ஒருவர் சொல்லிக் கேட்டதுதான்.

தான் எழுதும் வரிகளைப் பக்கத்து சீட்டு அக்கா திருடுகிறார் என்று புதுசு கண்டுபிடித்தது, ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது.

ஆபீசில் அவனுக்கு அதுதான் பெயர். புதுசு. சேர்ந்து மூன்று மாதம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன். அப்பா போனை எடுத்தால், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் நிரந்தர ஆர்டர் கொடுத்துவிட்டார்களா என்றுதான் கேட்பார்.

அந்த ஆபீசில் செய்வது மருந்தளவு லைப்ரரி. நோயாளியின் எடையைக் கொடுத்தால், எவ்வளவு மருந்து என்று கணக்குப் போட்டுச் சொல்லும் நிரல். ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் செய்கிற கம்பெனிகள் அதை வாங்கித் தங்கள் சாஃப்ட்வேருக்குள் வைத்துக்கொள்வார்கள். நிரலுக்கு நடுவே, கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாமல் மனிதர்கள் மட்டும் படிக்கிற மாதிரி குறிப்பு எழுதலாம். கமெண்ட் என்பார்கள்.

புதுசு பயந்த சுபாவம். எதை எழுதினாலும் மேலே ஒரு எச்சரிக்கை வைப்பான். 'எடையைக் கிலோவில்தான் கொடுக்க வேண்டும். வேறு அளவில் கொடுத்தால் இது கண்டுபிடிக்காது.' 'எடை பூஜ்யம் என்றால் விடையும் பூஜ்யம் வரும். மருந்தே வேண்டாம் என்று அதற்கு அர்த்தமில்லை.'

"சிகரெட் பெட்டியில கூட இவ்வளவு எச்சரிக்கை போட மாட்டாங்கடா" என்று டீமில் சிரிப்பார்கள்.

அவன் எழுதுவதைச் சரிபார்த்து உள்ளே சேர்ப்பவர் பக்கத்து சீட்டு அக்கா. எச்சரிக்கை வரி வந்தால் மட்டும், வரிக்கு முன்னால் ஸ்பேஸ் பாரை இரண்டு தட்டுத் தட்டி, ஓரத்தை நேராக்கிவிட்டுத்தான் சேர்ப்பார். ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டார். அதனால்தான் அவன் மனதுக்குள் அவருக்கு ஸ்கேல் அக்கா என்று பெயர் வைத்திருந்தான்.

அன்றுதான் கவனித்தான். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், கடைசியாக அதைத் தொட்டவர் பெயர் தானாகவே வந்து நிற்கும். அவன் எழுதிய எச்சரிக்கை எல்லாவற்றிலும் அக்காவின் பெயர்.

ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால், யார் என்ன எழுதினார்கள் என்று பார்ப்பார்களாம். நாற்காலியை அக்கா பக்கம் திருப்பினான்.

"அக்கா, நான் எழுதினதுல எல்லாம் உங்க பேரு வருதே."

"வரும். ஓரம் கோணலா இருந்துச்சு, தொட்டேன்."

"சொல்லியிருந்தா நானே நேராக்கியிருப்பேனே."

"உனக்கு வராது, விடு" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

நோகாமல் பேர் வாங்கிக்கொள்ள இப்படியும் ஒரு வழியா என்று நினைத்துக்கொண்டான். யாரிடம் போய்ச் சொல்வது?

அந்த வாரமே இன்னொரு எச்சரிக்கை எழுத வேண்டி வந்தது. 'ஒரு கிலோவுக்குக் குறைவான குறைமாதக் குழந்தைகளுக்கு இந்தக் கணக்கைச் சோதித்துப் பார்க்கவில்லை. பயன்படுத்த வேண்டாம்.'

எழுதினான். அழித்தான். நம் சட்டையில் எங்கே கிழிசல் என்று நாமே தூக்கிக் காட்ட வேண்டுமா என்று மேனேஜர் மீட்டிங்கில் கேட்டிருந்தார். மறுபடியும் எழுதி, மனசு மாறுவதற்குள் அனுப்பிவிட்டான்.

அக்கா படித்தார். இரண்டு தட்டுத் தட்டினார். சேர்த்தார்.

சில நாளில் இடி விழுந்தது. லைப்ரரியை வாங்குவதாக இருந்த பெரிய கம்பெனி, அந்த வரியைப் படித்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டது. மேனேஜர் திறந்த லேப்டாப்பைக் கையில் ஏந்தியபடியே வந்தார்.

எந்த வரி என்று புதுசுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் எழுந்து நின்றான். "சார், அது நான்..."

"நீ உக்காரு தம்பி. உன்னைக் கேக்கல." மேனேஜர் அக்கா பக்கம் திரும்பினார். "உங்க பேரு இருக்கு. இத்தனை வருஷ சர்வீஸ்ல இதையா எழுதி வைப்பீங்க?"

அக்கா புதுசின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"என் பேரு இருந்தா நான்தான் சார். அதுல பொய் இருந்தா சொல்லுங்க, இப்பவே எடுத்துடறேன்."

மேனேஜர் அந்த வரியை இன்னொரு முறை படித்தார். லேப்டாப்பை மூடிக்கொண்டு போனார்.

வரி அப்படியே இருந்தது. அந்த வருடம் அக்காவுக்கு வர வேண்டிய டீம் லீடர் பதவிதான் வேறொருவருக்குப் போனது.

அடுத்த மாதம் புதுசுக்கு ஆர்டர் வந்தது. போனில் சொன்னதும் அப்பா போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அம்மாதான் பேசினார்.

மறுநாள் அவன் எழுதிய எச்சரிக்கையை அக்கா தொடாமல் அப்படியே சேர்த்தார். பக்கத்தில் முதல் முறையாக அவன் பெயர் நின்றது.

"அக்கா, ஓரம் கோணலா இருக்கே?"

"இருக்கட்டும். அதான் ஆர்டர் வந்துடுச்சுல்ல."

கேட்ட கதையை அப்படியே நம்புகிற ஆள் நானில்லை. போன மாதம் அந்த லைப்ரரியில் வேலை செய்ய எனக்கு வாய்ப்பு வந்தபோது, முதலில் அதைத்தான் திறந்து பார்த்தேன். புதுசின் ஆரம்பகால எச்சரிக்கைகள் மட்டும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக நிற்கின்றன. மற்ற வரிகளின் ஓரமெல்லாம் கோணல்தான், அக்கா தன் கையால் எழுதியவை உட்பட.