முன்னால் நகரும் சீட்

“மறுபடியும் ஏர்பேக் லைட் எரியுது தம்பி” என்று ஸ்கூல் வேனை ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினார் டிரைவர்.

மெக்கானிக் டிரைவர் சீட்டுக்கடியில் தலையை விட்டார். சென்சார் ஒயர் இந்தத் தடவையும் கழன்று தொங்கியது.

“அண்ணே, சென்சார் நல்லாத்தான் இருக்கு. நீங்க சீட்டை ஸ்டீயரிங் வரைக்கும் இழுத்தா ஒயர் என்ன பண்ணும்? மாசாமாசம் முன்னாடி போயிட்டே இருக்கீங்க. கொஞ்சம் பின்னாடி தள்ளி உக்காருங்க.”

“பழகிப்போச்சுப்பா. சீக்கிரம் விடு, ஸ்கூல் விட்டுடுவாங்க. உன் பொண்ணு வேற எனக்காக வாசல்ல நிக்கும்.”

ஒயரை மாட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே சாவியை நீட்டினார் மெக்கானிக்.

டிரைவரின் கை, சாவிக்கு ஒரு சாண் தள்ளி, காற்றைத் துழாவியது.

மெக்கானிக் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“கொடுத்துடு தம்பி” என்றார் டிரைவர் மெல்ல. “எனக்கு வேற பொழப்பு தெரியாது.”