தோர் ஒதுங்கிய இடம்

கோல்பின் தேடலிலிருந்து திரும்பியதும் தொப்பென்று பெஞ்சில் உட்கார்ந்தான்.

இந்தக் கோடையிலும் கிடைக்கவில்லையாம்.

தயிர் கிண்டிக்கொண்டிருந்த அவன் மனைவி ஆல்திஸ் 'உச்' கொட்டினாள். மூன்று வருடமாகக் கொட்டிப் பழகிய உச்.

தொலைந்தது வேறொன்றுமில்லை, வீட்டுத் தலைவனின் இருக்கைக்கு இருபுறமும் நிற்கும் இரண்டு தூண்கள். இடித் தெய்வமான தோரைத் தாடியும் மீசையுமாகச் செதுக்கியவை. நார்வேயிலிருந்து வந்தவன், ஐஸ்லாந்தின் மலை கண்ணில் பட்டதுமே அவற்றைக் கடலில் வீசினான். எங்கே ஒதுங்குகின்றனவோ அங்கேதான் வீடு என்று தெய்வத்தின்மேல் சத்தியம் வேறு. மன்னனையே பகைத்துக்கொண்டு வந்த வீரனாயிற்றே. மன்னனுக்கு இவன் பெயராவது தெரியுமா என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

அதுவரைக்கும் தற்காலிகமாக என்று சொல்லித்தான் இந்தப் பள்ளத்தாக்கில் புல்மண் கட்டிகளை அடுக்கிக் குடிசை போட்டார்கள். முழங்கால் உயரப் புல். கூப்பிடு தூரத்தில் வெந்நீர் ஊற்று. பசுக்கள் கொழுத்தன. ஆல்திஸும்தான்.

நெருப்பு கேட்கிற சாக்கில் பக்கத்துப் பண்ணை ரான்வெய்க் வந்து நின்றிருந்தாள். அவள் புருஷனின் அதிர்ஷ்டத்தைப் பேசாத வாய் அந்தக் கரையில் இல்லை. அவன் வீசிய தூண்கள், இருப்பதிலேயே நல்ல புல்வெளிக்கு நேராகப் போய் ஒதுங்கியிருந்தன. கோல்பினுக்கு அந்த வயிற்றெரிச்சல் தனி.

"வசந்தம் வரட்டும்க்கா. மாடு கன்னெல்லாம் கப்பல்ல ஏத்திட்டுத் தூணு கெடைக்கிற வரைக்கும் கரை கரையாப் போறோம். உங்க வீட்டுக்காரருக்கு வழி காட்டுன சாமி எனக்குக் காட்டாதா?"

ஆல்திஸின் அகப்பை அப்படியே நின்றது.

முதல் குளிர்காலத்துக்கு முன்பே, விறகு பொறுக்கப் போனவளுக்கு இரண்டு தூண்களும் கிடைத்துவிட்டன. கடற்பறவைகூட எச்சமிட்ட கையோடு பறந்துவிடும் கரும்பாறை முனையில். சொல்லியிருந்தால் மறுநாளே அங்கே குடியேற்றியிருப்பான்; சத்தியம் சத்தியம்தானே. நல்ல மரத்துக்குப் பஞ்சமான ஊர். ஒரு தோர் ஆட்டிறைச்சிக்குப் புகையானார். கோல்பின் எலும்பைக்கூட விடவில்லை.

இப்போது சொன்னால் பாறை. சொல்லாவிட்டால் கப்பல்.

ரான்வெய்க்கின் கண் சும்மா இருக்குமா? பெஞ்சைப் போர்த்தியிருந்த ஆட்டுத்தோலின் ஓரத்தைக் கால்விரலால் மெல்லத் தூக்கினாள்.

கோல்பினின் பிட்டத்துக்கு ஒரு சாண் தள்ளி, செதுக்கிய தாடி.

ஆல்திஸைப் பார்த்தாள். தாடியைப் பார்த்தாள். மூன்று வருடமாகத் தெய்வத்தைத் தேடிக் களைத்து, அதன் மேலேயே உட்கார்ந்து பாலாடை தின்னும் பக்தனையும் பார்த்தாள்.

தோலை இறக்கிவிட்டாள்.

"காட்டாம எங்க போயிடும் தம்பி? அது நேரம் பாத்துக் காட்டும்."

நெருப்புக் கங்குகளைச் சட்டியில் வாங்கிக்கொண்டு கிளம்பியவளை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள் ஆல்திஸ். ரான்வெய்க் குனிந்து அவள் காதைக் கடித்தாள்.

"இதை வீட்டுக்குள்ள வெச்சு அடைகாக்குறியாடி? இந்தப் பள்ளத்தாக்கு ஓடை கடல்ல விழுற எடத்துல கொண்டுபோய்ப் போடு. முந்தி நல்லா நனைச்சுக்க."

நாலடி போனவள் திரும்பினாள்.

"நான் நனைக்க மறந்துட்டேன். எங்காளு அதைக்கூடக் கவனிக்கல."