ஒரு விரல் அகலம்

"எந்தக் கையால என் பிள்ளையை எமனுக்கு அனுப்பினியோ, அதே கையால மறுபடியும் இந்த எஞ்சினைத் தொடுறியா? எடுடா கையை!"

ஷெட் வாசலில் நின்று கத்தினாள் அக்கா. ஒரு வருஷத்துக்குப் பிறகு தம்பியிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

நேர்கோட்டில் கால் மைல் பறக்கிற பந்தயக் கார் அது. போன வருஷம் அதன் எஞ்சினுக்கு டைமிங் வைத்தது, அதாவது தீப்பொறி விழும் நேரத்தைக் குறித்தது, தம்பிதான். பாதி தூரத்தில் பிஸ்டன் உடைந்தது. எண்ணெய் பின்சக்கரத்தில் கொட்டி, கார் சுவரில் போய் அறைந்தது. உள்ளே இருந்தவன் அவளுடைய மூத்த மகன்.

"தீப்பொறி முன்கூட்டியே விழுந்திருக்கு. டைமிங் தப்பு" என்றார்கள் பார்த்தவர்கள். தம்பி மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றோடு இந்த வீட்டில் அவனுக்குத் தண்ணீர்கூடக் கிடையாது.

இப்போது அதே எஞ்சினை அவள் கணவர் நட்டு நட்டாகப் பூட்டி நிறுத்தியிருக்கிறார். இன்று முதல் ஸ்டார்ட். ஞாயிற்றுக்கிழமை ஓட்டப்போவது சின்ன மகள். அக்கா அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். அப்பாவும் மகளும் மசியவில்லை. பெட்ரோல் வாங்கப் போயிருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து இவன் திருடன் மாதிரி நுழைந்திருக்கிறான்.

"கால் மணி நேரம்தான்க்கா. அப்புறம் நானே போயிடுறேன்."

"எனக்கு மிச்சம் இருக்கிறது ஒண்ணு. அதையும் முடிச்சிட்டுப் போகப்போறியா?"

அவன் ஸ்பேனரைப் போட்டு எஞ்சினைத் திருப்பினான். முன்னால் இருந்த புல்லிச் சக்கரம் மெல்லச் சுழன்றது. அதன் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அந்தக் கோடு பக்கத்தில் அசையாமல் பூட்டிய முள்ளுக்கு நேராக நிற்க வேண்டும், அதை வைத்துத்தான் டைமிங்கே என்று கணவர் ஆயிரம் தடவை சொல்லி அவளுக்கே மனப்பாடம்.

தம்பி, கோடு முள்ளுக்கு வராமலே நிறுத்தினான்.

"கோடு எங்கேயோ இருக்கு, நீ எங்கேயோ நிறுத்துற! அடுப்படியில கிடக்கிற எனக்கே தெரியுதேடா!"

"பிளக் கழட்டின இந்த ஓட்டையில உன் கட்டை விரலை வை."

"மாட்டேன்."

"சின்னவளுக்காக வைக்கா."

வைத்தாள். அவன் திருப்பத் திருப்ப, உள்ளேயிருந்து காற்று விரலைத் தள்ளியது.

"பிஸ்டன் மேல வருது. இப்ப பாரு." ஓட்டையில் நீளமான போல்ட் ஒன்றை முடுக்கினான். பிஸ்டன் அதில் முட்டி நிற்கும்வரை ஒரு பக்கம் திருப்பி, முள்ளுக்கு நேராகச் சாக்பீஸால் கோடு போட்டான். எதிர்ப்பக்கம் திருப்பி, முட்டிய இடத்தில் இன்னொரு கோடு. "ரெண்டுக்கும் நட்டநடுவுதான் உச்சி. இதுல ஏமாற வழியே இல்ல."

ரெண்டு கோட்டுக்கும் இடையே ஒரு நூலால் அளந்து, அதை மடித்து நடுவைப் பிடித்தான். வெள்ளைக் கோடு அங்கே இல்லை. ஒரு விரல் அகலம் தள்ளி இருந்தது.

"உச்சிக்கு வந்த பிஸ்டன் கொஞ்சம் அங்கேயே நிக்கிற மாதிரி தெரியும். கண்ணால பாத்துக் கோடு போட்டா இப்படித்தான் ஆகும்."

"யார் போட்ட கோடு?"

தம்பி அரத்தைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டான்.

அக்கா புல்லியை உற்றுப் பார்த்தாள். வெறும் வெள்ளை இல்லை. முத்துப் போல ஒரு மினுமினுப்பு. அந்தப் பந்தயத்துக்கு முந்தின வாரம், "பெயின்ட் காஞ்சுபோச்சு, உன் நகப் பாலிஷைக் கொடு. உனக்கு எதுக்கு இனிமே மினுக்கு?" என்று கேலி பேசி, அவள் அலமாரியிலிருந்து கணவர் எடுத்துப் போன குப்பி.

பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"உனக்கு எப்படா தெரியும்?"

"விபத்துக்கு அப்புறம் எஞ்சினைப் பிரிச்ச அன்னைக்கே."

"ஏன்டா வாயைத் திறக்கல? ஊரே காறித் துப்புச்சே! நான் மண்ணை வாரித் தூத்தினேனே!"

"சோதிச்சுப் பாக்காம அதை நம்பி வச்சது என் கைதானேக்கா. நான் எப்படியோ தின்னுட்டுத் தூங்கிடுவேன். தான் போட்ட கோடுதான் காரணம்னு மாமாவுக்குத் தெரிஞ்சா, மறுநாள் அவரை உயிரோட எங்க போய்த் தேடுவ?"

அவன் பழைய கோட்டைச் சுரண்டி எடுத்தான். சரியான இடத்தில் அரத்தால் மெல்லிசாக ஒரு வெட்டு வைத்தான்.

"டைமிங்கை அவரே வச்சுக்கட்டும். கோடு இனிமே பொய் சொல்லாது."

"கோடு எங்கன்னு கேப்பாரேடா?"

"அந்தப் பாலிஷ் இருக்கா?"

ஓடிப்போய் எடுத்து வந்தாள். அடியில் கொஞ்சம் கெட்டிப்பட்டுக் கிடந்தது. பழைய கோட்டின் அதே நீளத்துக்கு வெட்டின் மேல் இழுத்தாள். மூடியைத் திருகுவதற்குள் வாசலில் வேன் வந்து நின்றது.

"இவன் எதுக்கு இங்க வந்தான்?" கையில் இருந்த கேனைக் கீழே போட்டுவிட்டு, கணவர் நேராக எஞ்சினுக்குத்தான் ஓடினார். குனிந்து பார்த்தார். "நல்லவேளை, தொடல. என் கோடு அப்படியே இருக்கு."

தடவிப் பார்க்க விரலை நீட்டினார்.

"கொலைகாரா!" அக்கா பாய்ந்து தம்பியின் சட்டையைப் பிடித்தாள். "எந்த மூஞ்சியோட இந்த வாசலை மிதிச்ச? நீ விளங்குவியா?"

கணவர் விரலை இழுத்துக்கொண்டு திரும்பினார்.

தம்பி தலையைக் குனிந்து நின்றான். பாலிஷ் காய அஞ்சு நிமிஷமாவது ஆகும். அதுவரை அவள் அவனைத் திட்டுவதை நிறுத்தவே இல்லை.