மணல்திட்டில் இரண்டு வரவேற்பு

எலிகளின் கரைக்கும் அணில்களின் கரைக்கும் நடுக்கடலில் ஒரு மணல்திட்டு கிடந்தது. அது யாருக்குச் சொந்தம் என்று பேசித் தீர்க்க, இரு நாட்டுத் தூதர்களும் அதன் முதுகிலேயே வந்து இறங்கினார்கள்.

"வாங்க, வாங்க, உட்காருங்க" என்றார் எலித் தூதர்.

அணில் தூதருக்கு வால் விறைத்தது. "வாங்கன்னு சொல்ல வேண்டியது வீட்டுக்காரங்க. அதனால நீங்க வாங்க."

விருந்தாளியாக உட்கார இருவருக்கும் மனமில்லை. மூன்று நாள் நின்றுகொண்டே உபசரித்தார்கள். இளநீர் வெட்டியது வெட்டியபடியே கிடந்தது. நான்காம் நாள் இரு கரையிலிருந்தும் சிரட்டைக் கப்பல்கள் போருக்குக் கிளம்பின. தூதர்களும் ஆளுக்கொரு கப்பலில் ஏறிக்கொண்டார்கள்.

திட்டு கடலைப் பார்த்தது. நல்லவேளை, அது ஐப்பசி. வருஷா வருஷம் போலவே கடல் ஏறிவந்து அதை மூடிக்கொண்டது. யாராவது கேட்டிருந்தால் திட்டே இதைச் சொல்லியிருக்கும்.

மேலே நாள் முழுக்க மோதல். உடைந்த சிரட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கிவந்து அதன் பக்கத்தில் படுத்தன. சத்தம் அடங்கியதும் நண்டு எட்டிப் பார்த்துவிட்டு வந்தது.

"முடிஞ்சுது. மிச்சம் ஒரே சிரட்டை. ரெண்டு தூதரும் அதுலதான் போறாங்க."

"அப்பாடா" என்றது திட்டு. "யார் யாரை வாங்கன்னு கூப்பிட்டாங்க?"

"யாரும் கூப்பிடலை. ஒருத்தர் வாலை நீட்டினார், இன்னொருத்தர் அதைப் பிடிச்சு ஏறிக்கிட்டார்."