காலில் தெரிந்த சூடு

சதக்கத்துல்லா மூன்று மாத்திரை அட்டைகளையும் கவிழ்த்துப் போட்டு, மூன்றிலும் ஒரே பெயரைப் பேனாவால் வட்டமிட்டார்.

மருந்துக்கடை வாசலில் ஜோதிமேரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து இன்றைக்குத்தான் படகுகள் கடலுக்குப் போகின்றன. புருஷன் வேதமுத்து விடிந்ததுமே துறைக்குப் போய்விட்டான். மூன்றையும் சேர்த்தே கொடுத்தனுப்பலாமா என்று கேட்கத்தான் வந்தாள்.

“பி வைட்டமின் சேத்துச் சாப்புடுறது தப்பில்லக்கா. ஆனா மூணுலயும் பி6 கூடுதலா இருக்கு. மாசக்கணக்குல இப்படித் தின்னா அதுவே கால மரத்துப்போக வச்சிரும். இதோட நிப்பாட்டிட்டு டாக்டரப் பாருங்க.”

அவள் அட்டைகளை மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

சர்க்கரையில் கால் லேசாக மரக்கிறது என்று போனபோது ராமநாதபுரத்து டாக்டர் எழுதியது ஒன்று. மாதா கோயில் முகாமில் கொடுத்தது ஒன்று. மூன்றாவது, பக்கத்து வீட்டு பிரெசில்லா சொல்லி இவளாக வாங்கியது. பெயர் வேறு, நிறம் வேறு. ஒவ்வொன்றும் ஒரு வேலை பார்க்கும் என்று நினைத்துவிட்டாள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். வேதமுத்து ஆறு மாதமாக விழுங்குகிறான்.

அதிலும் போன மாதம், மணல் சுடுவது காலுக்குத் தெரிகிறது என்று அவன் சொன்னதும், மருந்து கேட்கிறதென்று பூரித்துப்போய் வேளைக்கு இரண்டாக்கிவிட்டாள். பாவி மனசு.

வலை இறங்கும்போது கயிறு காலைச் சுற்றினால் மரத்த காலுக்குத் தெரியாது. வலையோடு ஆளையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

ஓடினாள். தெளிந்துவருகிற கால்தானே, ஒன்றும் ஆகியிருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே ஓடினாள்.

படகு இன்னும் கிளம்பவில்லை. ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். துறையின் சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நின்ற வேதமுத்து, இவள் வருவதைப் பார்த்தான். தடுக்கத்தான் வருகிறாளோ என்பதுபோல் ஒரு கணம் அவன் முகம் வாடியது. உடனே சிரித்துக்கொண்டு, கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்தான்.

“யாத்தே, என்னா வெயிலு! காலு பொசுங்குது மேரி!”

ஜோதிமேரி அவன் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். பிறகுதான் கீழே பார்த்தாள்.

அவன் குதித்துக்கொண்டிருந்தது, கூடையிலிருந்து சிந்திக் கிடந்த ஐஸ்கட்டிகளின் மேல்.